பூசணக் கடலை கிட்னியைக் கெடுக்குமா?

கேள்வி, 08-11-2024

மழையில் பத்து கிலோ நிலக்கடலை நனைந்து பூசணம் பூத்துவிட்டது. கழுவி, இரண்டு நாள் வெயில் காட்டி, வறுத்துவிட்டால் எல்லாம் செத்துப்போகும் என்கிறார் மாமியார். வீட்டுக்காரருக்குப் போன மாதம் எடுத்த ரத்த டெஸ்ட்டில், கிட்னி வேலை குறைந்தால் ஏறும் என்கிற கிரியேட்டினின் 1.6. பூஞ்சை விஷம் கிட்னியில் போய்த் தங்கிவிடும் என்று வாட்ஸப்பில் வந்தது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

08-11-2024, இரவு 9.50

கொட்டிவிடுங்கள். பத்து கிலோ போனால் போகட்டும்.

வெயிலிலும் வறுப்பதிலும் பூசணம் சாகும், அது சரி. சாவதற்கு முன்னால் பருப்புக்குள் அது சுரந்து வைத்த விஷம் சாகாது. அதற்கு உயிரே கிடையாதே, எங்கிருந்து சாவது? பாம்பை அடித்துக் கொன்ற பிறகும் கடிபட்டவனுக்கு விஷம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கழுவினால் மேலே இருக்கும் பச்சைத் தூள் போய் கடலை பளிச்சென்று ஆகிவிடும், அது இன்னும் மோசம்.

நான் டாக்டர் இல்லை. நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில் 22 வருஷமாக லேப். மூட்டையைக் குத்தூசியால் குத்தி மாதிரி எடுப்பது, ஈரம் பார்ப்பது, அரைத்து விஷச் சோதனைக்கு வைப்பது, இதுதான் பிழைப்பு. மனிதக் கிட்னி பற்றி நான் எழுதுவதெல்லாம் படித்தது. கோழிக் கிட்னி கையால் தொட்டது.

08-11-2024, இரவு 10.15

கொட்டச் சொன்னேன், கோழிக்குப் போடச் சொல்லவில்லை. மாட்டுக்கும் வேண்டாம். யாராவது அடுத்து அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும்.

09-11-2024, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் இரண்டு விஷத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். கடலையில் முதல் பயம் அஃப்ளாடாக்ஸின். அது கல்லீரலை அடிப்பது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழி செத்தது பிரேசில் கடலைப் பிண்ணாக்கு தின்றுதான், அதற்குப் பிறகுதான் அஃப்ளாவுக்குப் பெயரே வைத்தார்கள். வாட்ஸப்காரர் சொல்லும் கிட்னி விஷம் வேறு: ஓக்ராடாக்ஸின். 1965-ல் தென்னாப்பிரிக்காவில் கண்டுபிடித்தது. அஸ்பர்ஜில்லஸ் குடும்பத்தில் சில பூஞ்சைகளும், குளிர்நாட்டில் பெனிசிலியம் வெருகோசம் என்ற பூஞ்சையும் இதைச் செய்யும். கோதுமை, பார்லி, மக்காச்சோளம், காப்பிக்கொட்டை, உலர்திராட்சை, மிளகாய் வற்றல், இதெல்லாம் அதற்குப் பிடித்த இடம். கடலையில் அவ்வளவாக இல்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு நேர் பதில்: அந்தக் கடலை வீட்டுக்காரர் கிட்னிக்கு ஆகாது என்பதைவிட வீட்டில் எல்லோர் கல்லீரலுக்கும் ஆகாது. கொட்டுவதில் மாற்றம் இல்லை.

09-11-2024, இரவு

"எல்லா விஷத்தையும் கிட்னிதானே வெளியே தள்ளும், அப்புறம் எப்படி அதிலேயே சேரும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எனக்கும் இதைப் புரிந்துகொள்ள வருஷக்கணக்கானது.

குடலில் இருந்து ரத்தத்துக்குள் வந்ததும் ஓக்ராடாக்ஸின் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் அப்படித்தான் தொங்குகிறது. ஆல்புமின் பெரிய உருப்படி, கிட்னியின் சல்லடையில் இறங்காது. அதனால் சல்லடை வழியாக விஷம் வெளியேறும் வழி கிட்டத்தட்ட அடைப்பு.

ஆனால் கிட்னிக்குச் சல்லடை மட்டும் இல்லை. சல்லடையைத் தாண்டி நுண்குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்ச் சுவரில் உள்ள செல்களுக்கு ரத்தத்தின் பக்கம் சில கதவுகள் உண்டு. யூரிக் அமிலம், சில மருந்துகள் போன்றவற்றை ரத்தத்திலிருந்து இழுத்துச் சிறுநீரில் தள்ளுவதுதான் அந்தக் கதவுகளின் வேலை. ஓக்ராடாக்ஸினும் அதே ஜாடை. கழிவு என்று நினைத்து கதவு அதை உள்ளே இழுக்கிறது. ஆல்புமினை விட்டு ஒரு துளி நழுவினாலும் இழுத்துவிடும், துளி போனால் ஆல்புமினிலிருந்து அடுத்த துளி நழுவும். உள்ளே வந்த வேகத்தில் அந்தப் பக்கம் வெளியே போனால் பரவாயில்லை. போகாது. செல்லுக்குள் தேங்கும். சிறுநீரில் விழுந்ததில் ஒரு பங்கையும் குழாயே திரும்ப உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். குப்பை அள்ள வந்தவர் வீட்டிலேயே குப்பை சேருகிற கதை.

அந்தச் செல்லுக்குள் அது செய்யும் கெடுதல் பல வகை. எனக்குப் புரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓக்ராடாக்ஸினின் ஒரு பாதி ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம், நாம் சாப்பிடும் பருப்பிலும் முட்டையிலும் இருப்பதேதான். புரதம் கட்டுகிற இடத்தில் இது கள்ளச்சாவி மாதிரி போய் நுழைந்து, வேலை நின்றுபோகிறது.

வேடிக்கை: அதே கதவு வழியாகத்தான் பென்சிலினும் போகிறது. அதுவும் பூஞ்சை தந்ததுதான். கதவுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது.

10-11-2024

மேலே எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். நாள் கணக்கு.

சுவிட்சர்லாந்தில் ஒரு தன்னார்வலருக்கு மிகச் சிறிய அளவு ஓக்ராடாக்ஸினைக் கொடுத்து ரத்தத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்த்தார்கள். ஆய்வு 2000-ல் வெளிவந்தது. 35 நாள் நிற்கிறது.

10-11-2024, கொஞ்சம் கழித்து

தவறு. 35 நாளில் பாதிதான் போகிறது. மீதிப் பாதியில் பாதி போக இன்னொரு 35 நாள். ஆறு மாதம் ஆனாலும் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம், அந்த ஆய்வில் இருந்தது ஒரே ஒரு ஆள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொருவருக்கு வேறு கணக்கு வரலாம்.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் ஒரு மணி அளவு உள்ளே போகிறது, 35 நாளுக்குப் பாதி வெளியேறுகிறது என்று வைத்தால், கடைசியில் உடம்பில் ஐம்பது மணி நிலையாக நிற்கும். அதற்கு மேல் ஏறாது, வருவதும் போவதும் சமமாகிவிடும். வாட்ஸப்பில் சொல்வதுபோல ஆயுசு முழுக்கச் சேர்ந்துகொண்டே போகாது. ஆனால் தினசரி அளவைப் பார்த்து "இத்தனூண்டுதானே" என்று சொல்பவருக்கு அந்த ஐம்பது மடங்கு கண்ணில் படாது.

கோழிக்கு இதே விஷம் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். பன்றிக்கு மூன்று முதல் ஐந்து நாள். குரங்குக்கே மூன்று வாரம்தான். நமக்குத்தான் இத்தனை நீளம். மாடு முக்கால்வாசி தப்பித்துவிடும், வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரே இதை உடைத்துப்போடும். (மாட்டுக்குப் பூசணத் தீவனம் போடலாம் என்று இதைப் படித்துக்கொண்டு போகாதீர்கள். அஃப்ளா பாலில் இறங்கும்.)

13-11-2024

சரி, கோழிக் கதை. கேட்காவிட்டாலும் சொல்வேன்.

2009 நவம்பர். லேப் வேலையோடு முதலாளியின் சொந்தப் பண்ணை ஒன்றையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாயிரம் லேயர், முட்டை நன்றாக ஏறிவரும் வயசு. தினமும் மூன்று நான்கு சாவு இருக்கும், அது வழக்கம். ஒரு திங்கட்கிழமை பதினெட்டு. செவ்வாய் முப்பத்தொன்று. கூண்டுக்கடியில் எச்சம் தண்ணீராக, சுண்ணாம்பு கரைத்து ஊற்றியது போல.

செத்த கோழியை மல்லாத்தி, இரண்டு தொடையையும் பின்னால் மடக்கி ஒடித்துவிட்டால் உடம்பு பலகை மாதிரி படுத்துக்கொள்ளும். தோலை உரித்து, நெஞ்செலும்பைக் கத்தரியால் வெட்டித் தூக்கினேன். இதயத்தின் மேல் உறை முழுக்க வெள்ளை. மாவு தூவியது போல. விரலால் தேய்த்தால் நறநற. கல்லீரல் மேலும் அதே. குடலை ஒதுக்கினால் முதுகெலும்பை ஒட்டிய குழியில் இந்தப் பக்கம் மூன்று மடல், அந்தப் பக்கம் மூன்று மடலாகக் கிட்னி இருக்கும். நல்ல கோழியில் அது ஈரல் நிறத்தில், குழிக்குள் அடங்கி, பிடுங்கினாலும் வராமல் கிடக்கும். இதில் வெளிறி, வீங்கி, குழியை விட்டு மேலே பிதுங்கிக்கொண்டு நின்றது. சிறுநீர்க் குழாய் சாக்பீஸ் உடைத்து வைத்தது போலத் தடித்து வெள்ளையாக.

அந்த வெள்ளை விஷம் இல்லை, யூரிக் அமிலம். கோழிக்கு மூத்திரமே அதுதான். கிட்னி தள்ளாவிட்டால் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே படியும். டாக்டர்கள் கௌட் என்பார்கள். பண்ணைக்காரர்கள் "சுண்ணாம்பு அடிச்சிருச்சு" என்பார்கள்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு லோடு மக்காச்சோளம் வந்திருந்தது. ஐப்பசி மழையில் அறுத்தது. குத்தூசியை இழுத்தபோதே கையில் சூடு தெரிந்தது, மூட்டைக்குள் மாவு புளித்த வாசம். மீட்டரில் ஈரம் 17 சதவீதம். எங்கள் வரம்பு 14. விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவு என்பதால் காய்ந்த சோளத்தோடு கலந்து ஓட்டிவிடலாம் என்று முதலாளி சொன்னார். சீட்டில் கையெழுத்துப் போட்டது நான். அந்த வியாபாரியிடம் அதோடு சரி. நான் இருக்கும்வரை அவர் லோடு உள்ளே வரவில்லை.

ஓக்ராடாக்ஸின் என்ற பெயர் எனக்கு மனப்பாடமானது அந்த வாரத்தில்தான். எண்ணூற்றுச் சொச்சம் கோழி போனது.

14-11-2024

"மனுஷனுக்கு இப்படி வந்த உதாரணம் காட்டு" என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது, பெரிய உதாரணம்.

டென்மார்க்கில் 1928-லேயே பூசணம் பிடித்த ரை என்ற தானியத்தைத் தின்ற பன்றிகளுக்குக் கிட்னி கெட்டதை எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் ஓக்ராடாக்ஸின்தான் என்று 1970-களில் பாலே க்ரோ என்ற டென்மார்க்காரர் நிறுவினார். பிறகு அங்கே பன்றி அறுக்கும் இடத்தில் கிட்னி வெளிறி வீங்கித் தெரிந்தால் தனியே எடுத்துச் சோதிப்பது சட்டமானது. கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் தாண்டினால் முழு உடலும் கழிவு என்று வைத்தார்கள்.

அதே மாதிரிக் கிட்னி மனிதருக்கும் வந்த இடம் பால்கன் நாடுகள். டான்யூப் ஆற்றின் கிளை நதிகளை ஒட்டிய சில கிராமங்கள், பல்கேரியா, செர்பியா, குரோஷியா, போஸ்னியா, ருமேனியா. 1950-களில் டாக்டர்கள் கவனித்து எழுதினார்கள். பத்து பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் கிட்னி மெதுவாகச் சுருங்கும். ரத்தம் குறைந்து தோல் செம்பு நிறமாகும். பக்கத்து ஊருக்கு ஒன்றும் இருக்காது. ஒரே வீட்டில் மருமகளாக வந்தவளுக்கும் வரும், அதனால் பரம்பரை என்று மட்டும் சொல்ல முடியாது. வீட்டில் சேமித்த தானியத்தின் பூசணம்தான் காரணம். பூஞ்சை விஷம் மனிதக் கிட்னியைச் சுருட்டியதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

14-11-2024, நள்ளிரவு

ஒருவர் "2007க்குப் பிறகு ஏதாவது படித்தீர்களா சார்?" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தூக்கம் போயிற்று.

16-11-2024

படித்தேன். மேலே எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும், ஆனால் நம்பாதீர்கள்.

பால்கன் கிராமங்களில் கிட்னியைச் சுருட்டியது பூஞ்சை இல்லை, ஒரு களை. அரிஸ்டோலோக்கியா கிளெமடிடிஸ் என்ற செடி கோதுமை வயலில் முளைக்கும். கதிர் அறுக்கும்போது அதன் விதையும் சேர்ந்து வந்து, ஊர் மில்லில் அரைபட்டு, ரொட்டியாகும். இதை 1969-லேயே ஐவிச் என்ற ஆராய்ச்சியாளர் சொன்னார், ஆனால் பேச்சு பூஞ்சைப் பக்கம் போய்விட்டது. பன்றிக் கிட்னியும் மனிதக் கிட்னியும் பார்க்க ஒன்றுபோல இருந்ததுதான் வினை.

திருப்பம் வந்தது பெல்ஜியத்திலிருந்து. பிரஸ்ஸல்ஸில் உடம்பு இளைக்கக் கொடுத்த சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகக் கிட்னி போனது, 1993-ல் அதை எழுதினார்கள். ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா கலந்துவிட்டது. அந்தக் கிட்னியும் பால்கன் கிட்னியும் ஒரே அச்சு. 2007-ல் க்ரோல்மன் என்ற அமெரிக்கரும் குரோஷியா டாக்டர்களும் சேர்ந்து, நோயாளிகளின் கிட்னி மரபணுவிலேயே அந்தச் செடியின் அமிலம் ஒட்டியிருந்த தடத்தைக் காட்டினார்கள். முத்திரை குத்தியது போன்ற தடம். பூஞ்சை விஷத்துக்கு அப்படி ஒரு தடத்தை எல்லோரும் ஒத்துக்கொள்ளும்படி யாராலும் காட்ட முடியவில்லை.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இப்போது அரிஸ்டோலோக்கியாவை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. ஓக்ராடாக்ஸின் 1993-லிருந்து 2பி-யில் நிற்கிறது. எலிக்குக் கிட்னியில் கட்டி வருகிறது, மனிதருக்கு உறுதியில்லை என்ற வகுப்பு.

ஆக, பன்றிக்கு நிரூபணம் உண்டு, கோழிக்கு உண்டு, எலிக்கு உண்டு. மனிதரில், சாப்பாட்டு ஓக்ராடாக்ஸினால் மட்டும் கிட்னி போனது என்று கையைப் பிடித்துக் காட்டும் ஊர் ஒன்று இதுவரை இல்லை. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் விவசாயிகளுக்கு வரும் கிட்னி நோய்க்கும் இதைச் சந்தேகப்பட்டுத் தானியங்களைச் சோதித்தார்கள். இருந்தது, ஆனால் வரம்புக்குள்.

17-11-2024

ஒரு அம்மா கேட்டிருக்கிறார், அரிஸ்டோலோக்கியா நம் ஊரில் உண்டா என்று. கரிசல் காட்டில் நடந்தால் காலில் படும். ஆடுதீண்டாப்பாளை. அதேதான், வேறு இனம், ஒரே குடும்பம், அதே அமிலம். ஈஸ்வரமூலி என்கிற பெருமருந்துக்கொடியும் அதே குடும்பம். சின்ன வயசில் பூச்சி மருந்து என்று ஆடுதீண்டாப்பாளையை அரைத்து நாக்கில் தடவியிருக்கிறார் என் அப்பத்தா. கசப்பு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆடே தீண்டாததை எனக்கு எதற்குக் கொடுத்தாய் என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. பயிருக்கு அடிக்கும் மூலிகைக் கரைசலில் போடுகிறார்கள், அது வேறு. வாய்க்குள் வேண்டாம்.

எங்கேயோ போய்விட்டேன். பூஞ்சைக்குத் திரும்புகிறேன்.

20-11-2024

"காப்பி குடிக்கலாமா?"

இது மூன்றாவது ஆள். குடியுங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வைத்த அளவு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 நானோகிராம். 60 கிலோ ஆளுக்கு வாரம் 6 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் வறுத்த காப்பிக்கு வரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமாக இருந்தது, 2023 முதல் 3. பழைய வரம்பை முட்டி நிற்கும் தூளில் தினம் பத்து கிராம் போட்டுக் குடித்தாலும் வாரத்துக்கு 0.35 மைக்ரோகிராம். ஆறில் அது எந்த மூலை? வறுக்கும்போது ஒரு பங்கு குறையவும் செய்யும். முழுப் பழமாகக் களத்தில் காயப்போடும் செர்ரிக் காப்பியில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். நாலு நாள் மழை பிடித்துக்கொண்டால் தோலில் பூஞ்சை ஏறும்.

தானியத்துக்கு இதே கணக்கைப் போட்டால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. நம் நாட்டு 2011 விதிகளில் கோதுமைக்கு வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அந்த வரம்பை முட்டும் கோதுமையில் தினம் 300 கிராம் சப்பாத்தி சாப்பிட்டால் 6 மைக்ரோகிராம். ஒரு வாரத்துக் கணக்கு ஒரே நாளில் முடிந்தது. கடையில் வாங்கும் கோதுமையெல்லாம் அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. சட்டப்படி சரியாக இருப்பதும் உடம்புக்குச் சரியாக இருப்பதும் வேறு வேறு என்று சொல்கிறேன். சோறு தின்கிற ஊருக்கு இதில் கொஞ்சம் தப்பிப்பு உண்டு.

மிளகாய் பற்றி ஒரு வார்த்தை. வற்றல் நொறுங்காமல் இருக்க மூட்டை பிடிக்கும் முன் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் உண்டு. எடையும் நிற்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. காம்புப் பக்கம் உடைத்துப் பாருங்கள், உள்ளே விதையோடு சாம்பல் நிறத்தில் பஞ்சு இருந்தால் அரைக்காதீர்கள்.

20-11-2024, இரவு

"இயற்கையான சப்ளிமெண்ட்டில் இந்தத் தொல்லை இல்லை" என்று ஒருவர் போட்டிருக்கிறார். அண்ணா, ஜப்பானைப் பாருங்கள். 2024 மார்ச்சில், கொழுப்பு குறைய என்று விற்ற செம்பூஞ்சை அரிசி மாத்திரையை அள்ளித் திரும்ப வாங்கினார்கள். சாப்பிட்டவர்களுக்குக் கிட்னியின் அதே நுண்குழாய்ப் பகுதி அடிபட்டது. திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய பாஸ்பரஸ், பொட்டாசியம், சர்க்கரை எல்லாம் சிறுநீரில் ஒழுகிப்போகும் நிலை. செம்பூஞ்சையே தரும் சிட்ரினின் என்ற கிட்னி விஷத்தைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டார்கள். சோதித்தால் அது இல்லை. வேறொரு நீலப்பூஞ்சை தொழிற்சாலையில் புகுந்து பியூபருலிக் அமிலம் என்ற ஒன்றைச் சுரந்து வைத்திருந்தது.

இங்கேயும் முதல் சந்தேகம் தப்பு. பால்கன் மாதிரி. இந்த விஷயத்தில் முதல் சந்தேகம் பலித்த கதையை நான் இன்னும் பார்க்கவில்லை.

24-11-2024

முதலில் கேள்வி கேட்ட தங்கைக்கு. வீட்டுக்காரர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாருமே கேட்கவில்லை, நானும்தான். பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா, மூட்டு வலிக்கு ஏதாவது போடுகிறாரா?

இன்னொன்று. கிரியேட்டினின் மெதுவாகத்தான் பேசும். கிட்னி வேலையில் பாதி குறைந்த பிறகுதான் பலருக்கு அது எல்லையைத் தாண்டும். அதனால் 1.6 என்பதைச் சின்ன எண்ணாக நினைக்க வேண்டாம். டாக்டரிடம் சிறுநீரில் ஆல்புமின் பார்க்கச் சொல்லுங்கள்.

25-11-2024

பதில் வந்திருக்கிறது: முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கி தினம் இரண்டு மாத்திரை, நாலு வருஷமாக. பிரஷர் பார்த்தே இரண்டு வருஷம்.

கடலையை விடுங்கள், எனக்கு இப்போது சந்தேகம் அந்த வலி மாத்திரைமேல்தான். நாளைக்கே கிட்னி டாக்டரிடம் போங்கள், அந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு.

(மாமியாரிடம் கடலை விஷயத்தில் தோற்றுவிட்டீர்களாமே. உருண்டை பிடித்துவிட்டாராம். அந்த உருண்டையையும் கொட்டுங்கள், பழியை என்மேல் போடுங்கள்.)

02-12-2024

மழை விடவில்லை, குடோனில் வேலை அதிகம். மூடிக்கிடந்த குடோனைத் திறந்ததும் உள்ளே போகாதீர்கள் என்று பையன்களிடம் கத்திக்கொண்டிருக்கிறேன். இத்தாலியில் மாதக்கணக்கில் பூட்டியிருந்த தானியக் கிடங்கில் எட்டு மணி நேரம் வேலை செய்த ஒரு தம்பதிக்கு மூச்சு முட்டியது, மனைவிக்குக் கிட்னியும் நின்றது. தானியத்தில் ஓக்ராடாக்ஸின் பூஞ்சை இருந்தது. சாப்பிட்டது இல்லை, தூசியாக மூச்சில் போனது.

சோளம் 13.5 ஈரத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு வேலை இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் அதற்குச் சம்பளம்.

08-12-2024

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்த தம்பி ஒருவர் என் 13-11 குறிப்பைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, 2009 தீவனத்தில் ஓக்ராடாக்ஸின் ரிப்போர்ட் இருந்ததா? கோழியில் கௌட் வர வைரஸ் காய்ச்சல் போதும், கால்சியம் கூடினால் போதும், தண்ணீர் ஒரு நாள் கிடைக்காவிட்டால் போதும்."

ரிப்போர்ட் இருந்தது. அஃப்ளா மட்டும். ஓக்ராவுக்குத் தனிக் காசு என்பதால் போடவில்லை. கிட்னியைப் பார்த்தேன், சோளம் ஞாபகம் வந்தது, இரண்டையும் நானே சேர்த்துக் கட்டிவிட்டேன். டென்மார்க் பன்றியையும் பால்கன் மனிதரையும் சேர்த்துக் கட்டியவர்களைப் போன மாதம் கிண்டலடித்த அதே ஆள் நான்தான்.

ஆனாலும் தம்பி, அந்தச் சோளத்தின் வாசத்தை நீங்கள் பார்க்கவில்லை.

15-12-2024

ஞாயிற்றுக்கிழமை பரண் ஏறி 2009 டைரியை எடுத்தேன். அட்டையைக் கரையான் தின்றிருக்கிறது, உள்ளே எழுத்து நன்றாக இருக்கிறது.

சாவு பதினெட்டு என்று எழுதியிருக்கும் திங்கட்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், என் கையெழுத்தில்:

"போர் மோட்டார் காயில் எரிந்தது. ரீவைண்டிங்குக்குக் கொடுத்தது ரூ. 2,200. சனி சாயங்காலம் தண்ணீர் வந்தது."

ஒன்றரை நாள். டேங்கர் கூப்பிட்டதாக எங்கேயும் எழுதவில்லை. கூப்பிட்டிருந்தால் காசு எழுதியிருப்பேன்.

சோளமா, மோட்டாரா, இரண்டும் சேர்ந்தா, இனிமேல் தெரியாது. ஏற்கெனவே வீங்கிய கிட்னிக்குத் தண்ணீரும் நின்றிருக்கலாம் என்கிறார் தம்பி. எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

அந்த மக்காச்சோள வியாபாரி போன மாதம் ஒரு கல்யாணத்தில் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.